எட்டில் இரண்டு

அச்சகத்தில் அவளுக்குக் கமா அக்கா என்று பெயர். வைத்தவர் முதலாளி. பள்ளிக்கூட ஆண்டு மலரில் ஒரே ஒரு கமா விட்டுப்போனதற்காக, ஓடிக்கொண்டிருந்த அச்சு இயந்திரத்தைக் கையைக் காட்டி நிறுத்திய மகராசி அவள். பக்கம் வடிவமைப்பதுதான் வேலை. பதினெட்டு வருடமாக அதே ஜன்னலோரம், அதே நாற்காலி. கணினியில் எதைத் தொட்டாலும் தேதி போட்டு ஒரு நோட்டில் எழுதிவைப்பாள். பிழை என்பது அடுத்தவர் செய்வது என்பது அவள் கட்சி. பெரும்பாலும் அது உண்மையாகவே இருந்துவிட்டது. அதுதான் வினை.

ஆறு வருடத்துக்கு முன்னால் அவளுடைய கணினி படுத்துக்கொண்டது. படம் உள்ள பக்கம் ஒன்றைத் திறந்தால், திரையில் சுற்றும் வட்டத்தைப் பார்த்தே கண் பூத்துப்போகும். "ரெண்டு ஜிபி மெமரி எந்த மூலைக்கு? எட்டாக்கிடலாம். எங்க மாப்பிள்ளை கை வெச்சா பறக்கும்" என்று முதலாளியிடம் அடித்துப் பேசி, கணினி பழுது பார்க்கும் தங்கை கணவரைக் கூட்டிவந்தாள்.

மாப்பிள்ளை புது மெமரியைப் பொருத்திக் கணினியை எழுப்பினார். பொருத்தியிருப்பது எட்டு, பயன்படுத்த முடிவது இரண்டு என்றது திரை. கழற்றித் துடைத்து, இடம் மாற்றிச் செருகிப் பார்த்தார். அதே இரண்டு. வாசலில் நின்ற முதலாளி, "பறக்குதா அக்கா?" என்று சிரித்தார். அக்காவுக்கு முகம் செத்துப்போயிற்று.

"பேருக்கு எட்டு, வேலைக்கு ரெண்டா? விக்காத சரக்கை எங்க தலையில கட்டிட்டீங்களே மாப்ளை!"

"பத்து நிமிஷம் குடுங்கக்கா. உள்ள இன்னும் ஓரிடம் பாக்கணும்."

"பாத்துக் கிழிச்சது போதும். கிளம்புங்க."

மனிதர் கிளம்பினார். போட்டதைக் கழற்றிக்கொள்ளக்கூட அவள் விடவில்லை. அன்று சாயங்காலம் தங்கை போன் செய்தாள். "நாலு பேர் முன்னாடி அவரைத் திருடன்னு சொன்னியா?" என்றாள். "இல்லாததைச் சொல்லலையே" என்றாள் அக்கா. அதோடு பேச்சு அறுந்தது. தங்கைக்கு இரண்டாவது குழந்தை பிறந்ததையே மூன்றாம் மனுஷர் சொல்லித்தான் அவள் தெரிந்துகொண்டாள். ரோஷம், அப்படி ஒரு ரோஷம்!

போன வாரம் முதலாளி புதுக் கணினி வாங்கினார். பழையதிலிருந்து கோப்புகளை மாற்றிக்கொடுக்கக் கடையிலிருந்து ஒரு பெண் வந்தாள். பையை இறக்கிவைத்துவிட்டு உட்கார்ந்தவள் திரையைப் பார்த்துப் புருவத்தைச் சுருக்கினாள்.

"எட்டு இருக்கு, ரெண்டுதான் எடுக்குது. ஏங்க்கா?"

"அது போலி மெமரிம்மா. அது பெரிய கதை."

"மெமரி நல்லாத்தானே இருக்கு" என்று அந்தப் பெண் ஏதோ தட்டி, கணினி தொடங்கும் விதத்தைச் சொல்லும் பெட்டியைத் திறந்தாள். உள்ளே இன்னொரு பெட்டி. அங்கே, அதிகபட்ச மெமரி என்ற இடத்தில் ஒரு டிக். பக்கத்தில் 2048.

"யாரோ இதை வெச்சிருக்காங்க. ரெண்டு ஜிபிக்கு மேல தொடாதேன்னு உத்தரவு. நீங்க எத்தனை போட்டாலும் அதைத் தாண்டாது."

டிக்கை எடுத்தாள். அணைத்துப் போட்டாள். எட்டும் வந்து நின்றது.

"அந்த மாப்பிள்ளை வேலையாத்தான் இருக்கும்" என்றார் முதலாளி. "எதையோ அமுக்கி வெச்சுட்டுப் போயிட்டான் மனுஷன்."

2048. அந்த எண்ணை அக்காவுக்குத் தெரியும். மேசை இழுப்பறையிலிருந்து பழைய நோட்டை எடுத்துப் புரட்டினாள். மாப்பிள்ளை வந்த நாளுக்கு ஒரு வருடம் முந்தைய தேதியில், அவள் கையெழுத்தில் இருந்தது: "அதிகபட்ச மெமரி, 2048, டிக் செய்தாச்சு. இனி முழு வேகம்." ஏதோ பத்திரிகைக் குறிப்பை நம்பி, அன்றைக்கு இருந்த இரண்டையே எல்லையாகப் போட்டு, போட்டதையே மறந்திருக்கிறாள். கமாக்கள்கூடச் சரியான இடத்தில் இருந்தன.

ஒரு டிக்! அதற்கு ஆறு வருடம்! நோட்டை மூடி உள்ளே போட்டுவிட்டால் ஒரு ஈ காக்கைக்கும் தெரியாது. பழி ஏற்கெனவே சுமக்கிறவர் தலையிலேயே இருந்துவிட்டுப் போகும்.

"அவர் இல்ல. நான்தான்" என்றாள். நோட்டை முதலாளி முன்னால் விரித்துவைத்துவிட்டு, காகிதக் கட்டுகள் அடுக்கிய அறைக்குள் போய்ப் போனை எடுத்தாள்.

தங்கைதான் எடுத்தாள். அக்கா தட்டுத்தடுமாறி எல்லாவற்றையும் சொல்லி முடித்தாள்.

"இப்ப வந்து சொல்றியாக்கா?" என்றாள் தங்கை. "அன்னிக்கு வந்து உக்காந்தவர்தான், அதுக்கப்புறம் ஒரு ஸ்க்ரூடிரைவரைத் தொடலை. சரக்குல தப்பில்ல, என் கையிலதான் தப்புன்னு தொழிலையே விட்டுட்டார். இப்ப வேன் ஓட்டறார்."

அக்காவுக்குத் தலையில் இடி இறங்கியது. தொழிலையே விட்டாரா? பத்து நிமிஷம்தானே கேட்டார் அந்த மனுஷன்! காகிதக் கட்டின் மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

போன் மாப்பிள்ளை கைக்கு மாறியது.

"அக்கா, இப்ப எவ்வளவு காட்டுது?"

"எட்டு மாப்ளை. எட்டும் காட்டுது."

அவர் போனை விலக்கிவைத்துக்கொண்டு மனைவியிடம் சொன்னது கேட்டது. "கேட்டியா? நான் நல்லாத்தான் போட்டிருந்திருக்கேன்."