யூத வேஷம் போட்டவர்கள்

மெல்போர்ன், 2011. யூத ஜெபக்கூடத்தின் வாசலில் நிற்கிறேன். நான் தங்கியிருக்கும் வீட்டு இலங்கைத் தமிழ் அன்ரியின் கத்தோலிக்கப் பங்குக் கோயிலிலிருந்து யூதர்களோடு பேசிப் பழக வந்திருக்கிறோம். பழக்கத்தில் செருப்பைக் கழற்றுகிறேன். வரவேற்கும் யூத மூதாட்டி வேண்டாம் என்று தடுத்து, தலையில் வைக்க ஒரு குட்டித் தொப்பி தருகிறார். கோயிலுக்குள் தொப்பியைக் கழற்றியே பழகியவன் நான்.

தேநீரின்போது அவர் என் பக்கத்தில் வந்து உட்கார்கிறார். அவர் பேசும் ஆங்கிலத்தை அன்ரி எனக்குத் தமிழில் சொல்கிறார்.

"உங்கட ஊரில பெரிய வெள்ளிக்கு எங்களைப் பற்றி என்ன சொல்லுவினம் எண்டு கேக்கிறா."

மறைக்க மனம் வரவில்லை. தூத்துக்குடியில், இயேசு சிலுவையில் இறந்த பெரிய வெள்ளியன்று நடக்கும் பாஸ்கா நாடகத்தில் பஞ்சுத் தாடி ஒட்டிக்கொண்டு, இயேசுவைக் கொல்லச் சொல்லிக் கத்தும் யூதனாக ஐந்து வருடம் நடித்ததைச் சொல்கிறேன். அன்ரி தயங்கித் தயங்கி மொழிபெயர்க்கிறார். மூதாட்டி கோப்பையைக் கீழே வைக்கிறார்.

"எத்தினை பேர் யூத வேஷம் போட்டனீங்களாம்?"

"பன்னிரண்டு பேர்."

மூதாட்டி மெதுவாக இன்னொன்று கேட்கிறார். அன்ரி என் முகத்தைப் பார்க்காமலே சொல்கிறார்: "இயேசுவையும் சேர்த்தோ எண்டு கேக்கிறா."

விரல்விட்டு மறுபடி எண்ணத் தொடங்குகிறேன். இயேசு, மாதா, பேதுரு, யோவான்... எங்கே நிறுத்துவதென்று தெரியவில்லை.