அட்டையில் கூட்டிய ஒரு மாதம்

உருத்திரபுரத்திலிருந்து வவுனியா ஆஸ்பத்திரிக்கு நான் ஒரு பொய்யோடுதான் வந்தேன். சண்டை திரும்பத் தொடங்கியிருந்த காலம். வன்னியை விட்டு வெளியேறப் புலிகளின் பாஸ் வேண்டும். போனவர் திரும்பி வரும்வரை பிணைக்கு ஓர் ஆள் உள்ளே நிற்க வேண்டும். மாதம் நிறைந்த கர்ப்பிணிகளுக்குப் பாஸ் சுறுக்காகக் கிடைத்தது. எங்கள் மிட்வைஃப் அக்கா என் கிளினிக் அட்டையில் ஒரு மாதத்தைக் கூட்டி எழுதித் தந்தார். பிணைக்கு நின்றவர் என் கணவர்.

எங்கள் முதற்பிள்ளை மாதம் முந்திப் பிறந்து, மூச்செடுக்க முடியாமல் இரண்டாம் நாள் போய்விட்டது. அதனால்தான் இந்தத் தடவை பெரிய ஆஸ்பத்திரி என்று ஒற்றைக்காலில் நின்றேன்.

ஸ்கான் அறையில் பெண் டொக்டர் என் வயிற்றில் குளிர்ந்த பசையைப் பூசிக் கருவியை உருட்டினார். திரையைப் பார்த்தார். அட்டையைப் பார்த்தார்.

“முப்பத்தேழு கிழமை, ஒம்பது மாசம் முடிஞ்சுது எண்டு கிடக்கு. பிள்ளை அதுக்கு வளரேல்லையே, தங்கச்சி. உள்ளுக்கை விட்டா ஆபத்து. நாளைக்கே வெட்டி எடுப்பம்.”

அவர் இன்னும் உருட்டிப் பார்த்தார்.

“முழங்கால் எலும்பில ஒரு வெள்ளைப் பொட்டு தெரியவேணும். தெரிஞ்சா சுவாசப்பையும் முத்தியிட்டுது எண்டு கொஞ்சம் நம்பலாம். இதில காணேல்லை.”

எப்படிக் காணும்? அதற்கு இன்னும் நாள் கிடந்ததே! பாழாய்ப்போன அட்டை. வாயைத் திறந்தால் மிட்வைஃப் அக்காவின் வேலை போகும், கணவரைப் பிடித்து உள்ளே போடுவார்கள். திறக்காவிட்டால் இந்தப் பிள்ளையும் மூச்சுக்குத் தவிக்கும். எனக்குப் பயத்தைவிடக் கோபம்தான் வந்தது. ஒரு பிள்ளை பெற இவ்வளவு கூத்தா?

“டொக்டர், அட்டை பொய். ஒரு மாசம் கூட. பாஸுக்காக எழுதினது. பிள்ளையை எடுக்காதேங்கோ.”

அவர் கருவியைத் தூக்கிவிட்டார். “உமக்கென்ன விசரே? நாளைக்கு எடுத்திருந்தா என்ன நடந்திருக்கும்?” என்று பாய்ந்தார். கத்தி முடித்தபின், கதவடியில் நின்ற நேர்ஸை வெளியே அனுப்பிவிட்டுக் கேட்டார்.

“பிணைக்கு ஆர்?”

“என்ர மனுசன்.”

அட்டையில் அவர் கைவைக்கவில்லை. தன் கொப்பியில் மட்டும் சரியான கிழமையை எழுதினார். “பிள்ளை அதின்ர கணக்குக்குச் சரியாத்தான் வளருது. பேசாமல் இஞ்சயே கிடவும்.”

கிடந்தேன். அங்கே என் கணவர் கிழமைக்குக் கிழமை பாஸ் கொடுக்கும் கந்தோருக்குப் போய், “இன்னும் பிறக்கேல்லை” என்று சொல்லிக்கொண்டிருந்தார். அட்டைக் கணக்கில் பத்தாம் மாதமும் தாண்டியதும், “உம்மட மனிசி என்ன, யானைக்குட்டியே சுமக்கிறா?” என்று கேட்டார்களாம். தொலைபேசியில் அதை அவர் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நாலாம் கிழமை திரையில் அந்தப் பொட்டு தெரிந்தது, ஓர் அரிசிக் குறுணியளவு. அடுத்த கிழமை மகள் பிறந்தாள். அவள் கத்திய கத்தலில் வார்டே திரும்பிப் பார்த்தது.

“பெட்டைப் பிள்ளை. நல்லா மூச்செடுக்கிறாள்,” என்று கணவருக்குத் தொலைபேசியில் சொன்னேன். அவர் குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

“அப்ப இனி, கந்தோரில பிறந்திட்டுது எண்டு சொல்லலாமோ?”