அண்ணி தொடாத பெட்டி

எம்.எஸ்ஸி. விலங்கியல் கடைசி வருடத்தில் எனக்குக் கிடைத்த தலைப்பு மண்புழு. அது எந்த மண்ணில் தங்க விரும்புகிறது, எதைத் தின்ன விரும்புகிறது என்று ஒரு கருதுகோள் வைத்துக்கொண்டு, அதைச் சோதித்துக் காட்ட வேண்டும். தொண்ணூறுகளின் நடுவில் எங்கே போனாலும் மண்புழு உரம் பற்றிய பேச்சுதான். அதனால் எனக்குக் கொஞ்சம் கர்வம்கூட இருந்தது.

கோயமுத்தூர் கணபதியில் எங்கள் வீட்டை ஒட்டியே அண்ணனின் லேத் பட்டறை. அங்கே சும்மா கிடந்த நீளமான மரப்பெட்டி ஒன்றைப் பின்கட்டு நிழலில் வைத்து, முழுக்க ஒரே மண்ணைக் கொட்டினேன். நடுவில் ஓர் அட்டைத் தடுப்பு, அதன் அடியில் புழு நுழைகிற அளவுக்குச் சந்து. இடது பக்கம் தினமும் ஒரு டம்ளர் தண்ணீர். வலது பக்கம் லேசான தெளிப்பு மட்டும். நடுவில் இருபது புழுக்களை விட்டு, சாக்கால் மூடி, காலையில் எந்தப் பக்கம் எத்தனை என்று எண்ண வேண்டும். எல்லாம் ஈரத்துக்குத்தான் போகும் என்பது என் கருதுகோள். சட்டென்று முடித்துவிட்டு, சாணமா வாழைச் சருகா என்கிற தீனிச் சோதனைக்குப் போய்விடலாம் என்றிருந்தேன்.

தண்ணீர் என்றால் ஆழ்துளைப் போர் தண்ணீர், வாயில் வைக்க முடியாத உப்பு. சிறுவாணித் தண்ணீர் சில நாளைக்கு ஒருமுறைதான் குழாயில் வரும். அது குடிக்கவும் சமைக்கவும். அதை மண்ணில் ஊற்றினால் அம்மா பெட்டியோடு என்னையும் சேர்த்து வெளியே போட்டிருப்பார்.

முதல் மூன்று நாட்கள் புழுக்கள் சொன்னபடி கேட்டன. ஐந்தாம் நாள் பாதி வலது பக்கம் போயிருந்தன. எட்டாம் நாள் ஈரப் பக்கத்தில் ஒன்றுகூட இல்லை. கல்லூரியில் என் வழிகாட்டி நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "ஈரத்தை விட்டுட்டுக் காய்ஞ்ச பக்கம் போகுமா? வீட்டுல யாராச்சு கை வெச்சிருப்பாங்க" என்றார்.

அது போதும் எனக்கு. பின்கட்டில் கூட்டுவதும் பாத்திரம் கழுவுவதும் அண்ணி. அன்னூரிலிருந்து எங்கள் வீட்டுக்குக் கல்யாணமாகி வந்து ஆறு மாதம்தான் ஆகியிருந்தது.

"அண்ணி, பெட்டியத் தொட்டீங்களா?"

"இல்லீங்க அம்மணி. கூட்டறப்பக்கூட ஒதுங்கித்தானுங்க போனேன்."

"அப்புறம் புழு தானாவா எந்திரிச்சுப் போச்சு?"

புழு தானாக எங்கே போகிறது என்பதுதான் என் ஆராய்ச்சியே. அந்தக் கோபத்தில் அது எனக்கு உறைக்கவில்லை. அண்ணனும் அம்மாவும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்கள் முன்னால், "பொய் சொல்லாதீங்க" என்றேன். அண்ணன் தட்டைப் பார்த்தபடியே, "தொட்டா தொட்டேன்னு சொல்லிப்போடு" என்றான். அண்ணி உள்ளே போய்விட்டார்.

மண்ணை மாற்றி மறுபடி ஆரம்பித்தேன். அதே கதை. இரண்டு முறை எழுதிய பக்கங்களையும் சிவப்பு மையால் குறுக்கே அடித்தேன். மூன்றாம் முறை பெட்டிமேல் பலகை போட்டு அதன்மேல் கல்லையும் ஏற்றினேன். மறுநாளைக்கு வேண்டிய தண்ணீரை முந்தின சாயங்காலமே ஒரு பாட்டிலில் பிடித்துப் பக்கத்தில் வைத்தேன். பத்து நாளும் புழுக்கள் ஈரத்திலேயே இருந்தன. "யாரும் கை வெக்கலைன்னா சரியாத்தான் வருது" என்று வீடே கேட்கும்படி சொன்னேன். அண்ணி அடுப்படியை விட்டு வரவில்லை. அந்த நாட்களில் என்னோடு தேவைக்கு மேல் ஒரு வார்த்தை பேசியதில்லை.

கடைசி நாள் கிளறும்போது மண் வாயில் தெறித்தது. கொப்பளித்துத் துப்பத்தானே, உப்பானாலும் பரவாயில்லை என்று பக்கத்திலிருந்த அந்தப் பாட்டிலை எடுத்தேன். இனித்தது. கோயமுத்தூரில் பிறந்தவளுக்கு அந்தத் தண்ணீரை ஒரு மடக்கிலேயே தெரிந்துவிடும். துப்பாமல் விழுங்கினேன்.

அண்ணி மறைக்கவில்லை. "நாந்தானுங்க தினமும் பாட்டல்ல நல்ல தண்ணிய மாத்தி ஊத்திப்போட்டேன். நீங்க எண்ணறப்பப் பார்த்தேனுங்க, மண்ணு மேல வெள்ளையாப் பூத்துக் கெடந்துச்சு. எங்கூட்டுக் கருவேப்பிலைச் செடி அப்படித்தானுங்க பட்டுப்போச்சு."

"எங்கிட்டச் சொல்லியிருக்கலாமில்ல?"

"சொன்னா, தொட்டுப் பார்த்தேன்னுதானுங்க நெனைப்பீங்க."

நோட்டை எடுத்து, சிவப்பு மையால் அடித்த பக்கங்களைத் திருப்பினேன். புழுக்கள் மூன்று முறையும் உண்மையைத்தான் சொல்லியிருந்தன. தினம் ஊற்ற ஊற்ற மண்ணில் உப்பு ஏறியது. அவை ஓடியது ஈரத்திலிருந்து அல்ல, உப்பிலிருந்து. போர் தண்ணீரை ஊற்றியது நான் எடுத்த ஒரு முடிவு என்றே எனக்குத் தோன்றியதில்லை.

"நல்ல தண்ணிய மண்ணுல ஊத்துனேன்னு அத்தைகிட்டச் சொல்லிப்போடாதீங்க அம்மணி" என்றார் அண்ணி. சொல்லவில்லை. சொன்னால் அவருக்குத் திட்டு விழும் என்பது ஒரு காரணம். சொன்னால் என் தப்பும் வெளியே வரும் என்பது இன்னொன்று. இரண்டாவதற்கு முதலாவது நல்ல மறைவாக இருந்தது.

நான்காவது பெட்டியில் இரண்டு பக்கமும் ஒரே ஈரம். ஒரு பக்கம் போர் தண்ணீர், மறுபக்கம் நல்ல தண்ணீர். காலேஜில் கேட்கிறார்கள் என்றதும் அம்மா முணுமுணுத்துக்கொண்டே தினம் ஒரு டம்ளர் கொடுத்தார். புழுக்கள் ஒவ்வொன்றாக நல்ல தண்ணீருக்கு வந்து சேர்ந்தன. வாய்மொழித் தேர்வில், உப்பின்மேல் எப்படிச் சந்தேகம் வந்தது என்று கேட்டார்கள். வாய் கொப்பளித்தபோது தெரிந்தது என்றேன். நல்ல கூர்மை என்று பாராட்டினார்கள். நன்றிப் பக்கத்தில் பட்டறைப் பெட்டிக்காக அண்ணனுக்குக்கூட நன்றி சொல்லியிருந்தேன்.

இப்போதும் விசேஷத்துக்கு எல்லோரும் கூடினால் அண்ணன் அந்தக் கதையை எடுப்பான். புதுசாக வந்த மருமகள் புழுப் பெட்டியைக் கிண்டிவிட்டு இல்லையென்று சாதித்த கதை. எல்லோரும் சிரிப்பார்கள். அண்ணியும் சிரித்துக்கொண்டே பரிமாறுவார். என் இலைக்கு வரும்போது மட்டும் என்னைப் பார்க்க மாட்டார். இருபது வருடத்துக்கு மேலாக நானும் சிரித்துவிட்டு இலையைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

இதை எழுதி முடித்ததும் முதலில் அண்ணனிடம்தான் படிக்கக் கொடுக்கப் போகிறேன். அண்ணி அந்தப் பெட்டியை ஒருநாளும் தொடவில்லை.