கண்ணுக்குப் போன கை

போன வாரம் என் மனைவி என் காலைத் தொட்டார்.

அவசரப்பட்டு, ‘ஆகா, கொடுத்து வைத்தவன்’ என்று நினைத்துவிட வேண்டாம். கையுறை மாட்டிக்கொண்டு தொட்டார். முகத்தைச் சுளித்துக்கொண்டு தொட்டார். “இது குதிகாலா, வறண்டுபோன குளமா?” என்று கேட்டுவிட்டு, “இனிமே உங்க காலைப் பார்க்க எனக்கு முறைப்படி அனுமதி இருக்கு. ஒழுங்கா நீட்டுங்க” என்றார்.

அந்த அனுமதி வந்த கதைதான் இந்த வாரப் பத்தி.

கோமதி பாத மருத்துவர். பொடியாட்ரிஸ்ட். ஆஸ்திரேலியாவில் படித்து, இங்கே கொஞ்ச காலம் வேலை பார்த்து, மகன் பிறந்ததும் விட்டுவிட்டார். மகன் இப்போது தேசிய சேவையில், ராணுவ முகாமில் இருக்கிறான். வீட்டில் கவனித்துக்கொள்ள மிச்சமிருப்பவன் நான் ஒருவன்தான். மறுபடி வேலைக்குப் போக வேறென்ன காரணம் வேண்டும்?

ஆனால், பழைய பட்டத்தைத் தூசி தட்டிக்கொண்டு போனால் விட்டுவிடுவார்களா? காரியம் ஆவதற்காகக் காலைப் பிடிப்பவர்களுக்கு உலகில் எந்த லைசென்சும் தேவையில்லை. காலைக் குணப்படுத்துபவருக்குத்தான் இத்தனை நிபந்தனை! புதிய சிகிச்சை முறைகளைப் படிக்க வேண்டும். மாதக்கணக்கில் ஒரு சீனியரின் மேற்பார்வையில் வேலை செய்ய வேண்டும். அந்த சீனியர் கோமதியைவிட வயதில் ரொம்ப ஜூனியர் என்பது வேறு விஷயம். கடைசியில் ஒரு செய்முறைத் தேர்வு. நிஜ நோயாளி, நிஜப் புண்.

முதல் முறை எல்லாம் நன்றாகத்தான் போனது. நோயாளி ஒரு சீனத் தாத்தா. சர்க்கரை நோய், பெருவிரலில் புண். கோமதி சுத்தம் செய்துகொண்டே நாற்காலியை நகர்த்தியபோது, அவருடைய ஷூ தாத்தாவின் மற்றக் காலில் லேசாகப் பட்டுவிட்டது.

அப்புறம் என்ன நடந்திருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். ஏனென்றால் நீங்களும் அதைத்தான் செய்திருப்பீர்கள்.

கை தானாகப் போய் தாத்தாவின் முழங்காலைத் தொட்டது. அங்கிருந்து நேராகக் கண்ணுக்குப் போய் ஒற்றிக்கொண்டது. புண்ணைத் துடைத்த கையுறையோடு!

தாத்தா அன்பாகச் சிரித்தார். தேர்வாளர் சிரிக்கவில்லை. தேர்வை அங்கேயே நிறுத்திவிட்டார். யார்மேலாவது கால் பட்டுவிட்டால் எங்கள் வழக்கம் இது என்று கோமதி விளக்கினார். அந்தப் பெண்மணி பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னாராம் — “எனக்குப் புரிகிறது. கிருமிக்குப் புரியாதே!”

இன்னும் ஒரே ஒரு வாய்ப்பு. அதிலும் தோற்றால் மேற்பார்வை மாதங்களை முதலிலிருந்து தொடங்க வேண்டும். “இன்னொரு தடவை என்னால முடியாதுங்க. பேசாம வீட்டுலயே இருந்துடறேன்” என்றார் கோமதி. அவர் ‘பேசாம’ இருந்து நான் பார்த்ததில்லை. பயந்துவிட்டேன்.

எங்கள் செங்காங் வீட்டு ஹால் பயிற்சிக்கூடம் ஆனது. நான் நோயாளி. அவர் கையுறையோடு என் வலது காலைப் பார்க்க, நான் இடது காலைத் திருட்டுத்தனமாக அவர் பாதத்துக்கடியில் நுழைப்பேன். கை உடனே கண்ணுக்குப் போகும். மறுபடி நுழைப்பேன்... மறுபடி போகும். காலடியில் பாடப்புத்தகத்தைப் போட்டுப் பார்த்தோம். சரஸ்வதி! கை போனது. நான் பத்தி எழுதும் இந்தப் பத்திரிகையைப் போட்டோம். என் பக்கத்தின்மேல் நன்றாகவே மிதித்தார். கை அசையவே இல்லை.

“ஜெயிச்சுட்டே கோமு!” என்று கத்தினேன்.

“இல்லீங்க... இதுல சரஸ்வதி இருக்கிற மாதிரியே தோணல.”

வார இறுதியில் முகாமிலிருந்து வந்த மகன்தான் வழி சொன்னான். “அம்மா, கையை நிறுத்த முடியாது லா. அதுக்கு முன்னாடி வாயைப் போக விடுங்க. சத்தமா சாரி சொல்லிடுங்க. ஃபினிஷ். மன்னிப்புக் கேட்டாச்சுன்னா கை எதுக்குப் போகுது?”

அட! சமைக்கும்போது, துணி காயப்போடும்போது, லிஃப்டில் என் காலை மிதித்தபோது — எல்லாம் ‘சாரி’தான். திருமணமாகி இத்தனை வருடத்தில் நான் கேட்காத ‘சாரி’யையெல்லாம் அந்தச் சில வாரங்களில் கேட்டுவிட்டேன். கை மெல்ல மெல்ல அடங்கியது.

இரண்டாவது தேர்வு. அதே தேர்வாளர். ஆனால் நோயாளி? சுவா சூ காங்கிலிருந்து வந்திருந்த ஒரு தமிழ்ப் பெரியவர்!

“வேணாம்மா, பொம்பளப் புள்ள என் காலைப் போய்த் தொடறியே...” என்று அவர் காலை உள்ளே இழுத்தார்.

“ஐயா, புண்ணு உங்ககிட்டதானே இருக்கு? நான் வேற எதைத் தொடறது?”

பெரியவர் சிரித்துவிட்டார். காலும் வெளியே வந்தது. புண்ணைச் சுத்தம் செய்து முடித்து, உணர்ச்சி இருக்கிறதா என்று மற்றப் பாதத்தில் மெல்லிய நைலான் இழையால் குத்திப் பார்த்தார். உணர்ச்சி தாராளமாக இருந்தது. பெரியவர் கூசிப்போய், விட்டார் ஒரு உதை, கோமதியின் முழங்கையில்!

“ஐயையோ, மகாலட்சுமி!” என்று பதறி, அவர் குனிந்து கையை நீட்டினார். கோமதியின் கையுறையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ள!

கோமதி சட்டென்று இரண்டு கைகளையும் தலைக்குமேல் தூக்கிவிட்டார், துப்பாக்கியைக் கண்டவர் மாதிரி. “ஐயா, தொடாதீங்க! கையில கிருமி இருக்கு. வாயால சாரி சொல்லுங்க, போதும். சாமி கோவிச்சுக்காது.”

“சாரிம்மா.”

“பரவால்லை ஐயா.” கையுறையைக் கழற்றிப் போட்டு, கையைக் கழுவி, புதிது மாட்டிக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்.

இந்த முறை தேர்வாளர் சிரித்தார். தான் தப்பு செய்யாமல் இருப்பது பாதித் தேர்ச்சிதான். அதே தப்பைச் செய்ய வரும் நோயாளியையும் காப்பாற்றியது முழுத் தேர்ச்சி என்றாராம்.

சேதி வந்தபோது நான் தஞ்சோங் பகார் ரயில் நிலையத்தில் நின்றிருந்தேன். “என்னங்க... பாஸ்!” என்று போனில் ஒரு குரல். அதில் இருபது வயது குறைந்திருந்தது. நான் துள்ளிய துள்ளலில் பக்கத்தில் நின்ற ஆபீஸ் இளைஞனின் பளபளப்பான ஷூவை மிதித்துவிட்டேன். என் கை தானாகப் போய் அவன் தோளைத் தொட்டு, என் கண்ணில் ஒற்றிக்கொண்டது. அவன் மிரண்டுபோய் இரண்டடி தள்ளி நின்றான்.

நிற்கட்டுமே. நான் என்ன கையுறையா போட்டிருந்தேன்!