உப்புக் குளத்தில் உத்தியோகம்

நீச்சல்குளத்தைப் பார்த்துக்கொள்கிறவன் யார் கண்ணிலும் படமாட்டான். தண்ணீர் கொஞ்சம் கலங்கினால் மட்டும் எல்லாருக்கும் அவன் பெயர் தெரிந்துவிடும். மோட்டார், லிஃப்ட், ஜெனரேட்டர் என்று எதையாவது பராமரித்துத் திட்டு வாங்குகிற அன்பர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நான் பி.எஸ்சி. வேதியியல் முடித்துவிட்டு, தஞ்சாவூரிலிருந்து கும்பகோணம் போகிற சாலையில், வயல்களுக்கு நடுவே இருந்த ஒரு ரிசார்ட்டில் உப்புநீர்க் குளத்தைப் பார்த்துக்கொண்டேன்.

எவ்வளவு உப்பு?

உப்புநீர்க் குளம் என்றதும் எல்லாரும் கடலை நினைத்துக்கொள்கிறார்கள். கடலில் இருப்பதில் பத்தில் ஒரு பங்கு உப்புதான் இதில். மின்சாரத் தகடுகளுக்கு நடுவே தண்ணீர் ஓடும்போது அந்த உப்பிலிருந்து குளோரின் உண்டாகிக் கிருமிகளைக் கொல்லும். அவ்வளவுதான் விஷயம்.

ஒரு கல்யாணத்துக்குப் பேராவூரணிக்குக் கிழக்கே கடற்கரையிலிருந்து ஒரு குடும்பம் வந்திருந்தது. அதில் பெரியவர் படகு வைத்து மீன் பிடிப்பவர். "தண்ணியில உப்பு போட்டிருக்கீங்களாமே" என்றவர், நான் தடுப்பதற்குள் ஒரு கை அள்ளி வாயில் விட்டுக் கொப்பளித்துத் துப்பினார். துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "எங்க வீட்டு போர் தண்ணி இதைவிடக் கரிக்கும் தம்பி. நாங்க அதுலதான் சோறு பொங்குறோம்."

வாடை

கோடை விடுமுறைக் கூட்டம். ஒரு பேங்க் அதிகாரி, குளோரின் வாடை அடிக்கிறது, கண் எரிகிறது என்று மானேஜரிடம் புகார் சொன்னார். "குளோரினைக் குறைங்க" என்றார் மானேஜர். வேர்வையோடும் மூத்திரத்தோடும் சேர்ந்து வீணாய்ப்போன குளோரின்தான் அப்படி நாறும், குறைக்கக் கூடாது, கூட்ட வேண்டும் என்றேன். அவர் போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டார்.

சாயங்காலம் குளத்தை மூடிவிட்டு, பவுடர் கொட்டிக் குளோரினைத் தாராளமாகக் கூட்டினேன். பி.எச். ஏறியிருந்தது, ஆசிட் விட்டு அதையும் இறக்கினேன். மறுநாள் அளவெல்லாம் சரியான பிறகுதான் குளத்தைத் திறந்தேன். நன்றாக நீந்திவிட்டுத் தலையைத் துவட்டிக்கொண்டே அதிகாரி சொன்னார்: "பாத்தீங்களா, மருந்தைக் குறைச்சதும் தண்ணி தண்ணியா இருக்கு."

வாய்க்கால்

ரிசார்ட்டுக்குப் பக்கத்து வயல் செல்வராணி அக்காவுடையது. அவருடைய அப்பா கூலிக்கு உழுத நிலம். உச்சவரம்புச் சட்டத்தில் அவருக்கே கிடைத்தது. எங்கள் வடிகட்டியைக் கழுவுகிற தண்ணீர் அந்த வயல் வாய்க்காலில் போய் விழுந்தது. நாற்றங்காலில் நாற்றின் நுனியெல்லாம் கருகிவிட்டது. அக்கா மறுபடி விதை விட்டார், அதுவும் கருகியது. அதன் பிறகுதான் மனு கொடுத்தார்.

தாலுக்கா ஆபீஸில் சமாதானப் பேச்சு. ஆளுங்கட்சிக்காரர் ரிசார்ட் பக்கம், எதிர்க்கட்சிக்காரர் வயல் பக்கம். பேச்சு இழுத்துக்கொண்டே போனதில் நடுவே ஆட்சி மாறியது. இருவரும் பேசாமல் நாற்காலியை மாற்றிக்கொண்டார்கள். கடைசிக் கூட்டத்துக்கு என்னையும் அழைத்துப் போன மானேஜர், "மழைத்தண்ணிதான் போகுதுன்னு சொல்லிடுங்க" என்றார். என் சம்பளத்தில்தான் வீடு ஓடிக்கொண்டிருந்தது. தாசில்தார் என்னைப் பார்த்து, "உப்பு போகுதா இல்லையாப்பா?" என்றார். அக்கா என்னைப் பார்க்கவில்லை, ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். "போகுது சார்" என்றேன்.

வாய்க்காலில் விடக் கூடாது, சிமெண்டுத் தொட்டி கட்டி லாரியில் எடுத்துப் போக வேண்டும் என்று உத்தரவானது. என் வேலை போகவில்லை. ஆசிட் கேனைத் தூக்க வேறு யாரும் முன்வரவில்லை. மானேஜர் மட்டும் தீபாவளி வரை என்னோடு பேசவில்லை. கூட்டம் முடிந்த அன்றைக்கு ஆபீஸுக்கு வெளியே வேப்பமரத்தடியில் செருப்பை மாட்டிக்கொண்டிருந்த அக்கா, நன்றி என்று ஏதாவது சொல்வார் என்று நின்றேன். அவர் சொன்னது இது: "தண்ணியில உப்பு இருக்குன்னு சொல்ல உங்களுக்கெல்லாம் ஒரு ஆட்சியே மாற வேண்டியிருக்கு தம்பி. நாத்து ஒரே வாரத்துல சொல்லிடுச்சு."

தண்ணீரைச் சமநிலைக்குக் கொண்டுவருவது ஒரு சாயங்கால வேலை என்பதும், மனுஷர்களுக்கு அப்படி ஒரு பவுடர் இன்னும் கடைக்கு வரவில்லை என்பதும்தான் அந்த உத்தியோகத்தில் நான் கற்ற வேதியியல்.