மிதித்தால் இடி இடிக்கும் பெட்டி

மிதிப்பதற்கென்றே நம் கையால் செய்த ஒரு பொருளை மிதித்துவிட்டால், அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ள வேண்டுமா, வேண்டாமா?

இரண்டு மாதமாக யோசிக்கிறேன். விடை தெரியவில்லை. கேட்டவள் என் மகள் பானு. ஏழு வயது. பொருள்... எலக்ட்ரிக் கிடாருக்கான ஒரு பெடல்.

சைக்கிள் பெடல் மாதிரி கற்பனை செய்துகொள்ளாதீர்கள். கிடாருக்கும் ஆம்ப்ளிஃபயருக்கும் நடுவே தரையில் கிடக்கும் சின்னப் பெட்டி. மேலே ஒரு சுவிட்ச். அமுக்கினால் கிடாரின் குரல் மாறிவிடும். வாசிப்பவரின் இரண்டு கையும் கிடாரில் இருப்பதால், அமுக்குவது கால்.

அந்தக் கால்தான் வம்பு.

நாங்கள் குடியேறிய வெளிநாட்டு ஊரான டூங்கபியில், எங்கள் பக்கத்து வீட்டில் ஜோன் இருக்கிறார். ஐம்பது வயது. வாரநாட்களில் பல் டாக்டர் ஒருவரிடம் ரிசப்ஷனிஸ்ட். சனிக்கிழமை இரவானால் கிளப்பில் கிடார். இந்த இரண்டும் ஒரே ஆள் என்பதை நான் நம்புவதற்கே ஆறு மாதமானது. பானு ஒரே நாளில் நம்பிவிட்டாள். பள்ளிக்கூடம் விட்டதும் ஜோன் வீட்டுக்கு ஓடி, ஒரு பாட்டை முழுசாக வாசிக்கவும் கற்றுக்கொண்டுவிட்டாள். மழைக்காகக் காத்திருக்கும் ஓர் ஆட்டுப்பண்ணைக்காரரின் பாட்டு. நடுவில் இடி இடிக்கும். பிறகு மழை.

டிசம்பர் பள்ளி விழாவில் அதை வாசிக்கப் பெயர் கொடுத்தாயிற்று. ஆனால் இடிக்கு என்ன செய்வது? ஜோனின் பழைய பெடல் உயிரை விட்டிருந்தது. நீங்கள் இரண்டு பேருமே ஒன்று செய்யலாமே, நீதான் பிசிக்ஸ் படித்தவளாயிற்றே என்று சொல்லி, எலக்ட்ரானிக்ஸ் பத்திரிகை ஒன்றைக் கையில் திணித்தார்.

பி.எஸ்ஸி. பிசிக்ஸ் படித்தது உண்மை. முதல் வகுப்பு என்பதும் உண்மை. ஆனால் எங்கள் கல்லூரி லேபில் நான் வயரை மாட்டியதும் மேடம் வந்து பார்ப்பார். அவர் தலையசைத்த பிறகுதான் சுவிட்ச் போடலாம். இங்கே தலையசைக்க யார் இருக்கிறார்கள்?

யோசித்துச் சொல்கிறேன் என்று சொல்வதற்குள் காரியம் கெட்டுவிட்டது. "மை மம் இடி செய்யறா" என்று பானு வகுப்பு முழுவதும் சொல்லிவிட்டாள்.

பத்திரிகையில் மூன்று பெடல்களுக்குப் படம் போட்டிருந்தது. முதலாவது ஃபஸ். ஸ்வரத்தைக் கரகரவென்று அரைத்துத் தரும். இரண்டாவது ட்ரெமலோ. சத்தம் அலை மாதிரி ஏறி இறங்கும். மூன்றாவது வா-வா. பாதத்தை முன்னும் பின்னும் சாய்த்தால் கிடார் பேசுவது போலிருக்கும்.

எதைத் தேர்ந்தெடுப்பது? ஒரு வாரம் தூக்கமில்லை. மூன்றுமே பாட்டரியில் ஓடுவதால் ஷாக் அடிக்காது. ஆனால் ஈயத்தை உருக்கி வயரை ஒட்டும் சால்டரிங் அயர்ன் சுடுமே? புகை குழந்தைக்கு ஆகுமா? கஷ்டமானதை எடுத்துப் பாதியில் நின்றுபோனால், 'அம்மாவால் முடியவில்லை' என்பதல்லவா அவளுக்கு நினைவிருக்கும்?

வழக்கம்போல ஊர் முழுக்க யோசனை கேட்டேன். என் கணவர் ரோடு போடும் இன்ஜினியர். "என் ரோட்டுல டிரான்சிஸ்டர் கிடையாது. என்னைக் கேட்காதே" என்று பேப்பருக்குள் போய்விட்டார். அவருடைய ஆபீஸ் நண்பர், யாழ்ப்பாணத்துக்காரரான சிவம் அண்ணன், ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வந்திருந்தார். அவர்தான் பத்திரிகையை வாங்கிப் பொறுமையாகப் படித்தார்.

"தங்கச்சி, முதல் தரம் செய்யேக்க லேசானதைச் செய்யுங்கோ. ஃபஸ்ஸுக்கு ரெண்டே ரெண்டு டிரான்சிஸ்டர்தான். பிழைச்சாலும் கழற்றிப்போட்டுத் திரும்பச் செய்யலாம்."

நியாயம்தான். ஆனால் நான் மனதுக்குள் ட்ரெமலோவைத் தேர்ந்தெடுத்திருந்தேன். ஏன் தெரியுமா? அதை வாசிக்க ஆரம்பிக்கும் முன்பே கையால் திருப்பி ஆன் செய்துவிட்டு, பாட்டு முடிகிற வரை அப்படியே விட்டுவிடலாம். காலே வேண்டாம்.

எங்கள் வீட்டில் புத்தகத்தில் கால் பட்டால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ள வேண்டும். பென்சில் பெட்டிக்கும் அதுதான். கிடாருக்கும் அதுதான். நான்தான் பழக்கினேன். இப்போது நானே ஒரு வாத்தியத்தைத் தரையில் வைத்து, 'மிதி கண்ணே' என்று சொல்வதா?

பானுவிடம் ட்ரெமலோ என்றேன்.

"அது இடி இல்லம்மா. அது குளிர்ல நடுங்குற மாதிரி இருக்கும். ஐ வான்ட் த ஃபஸ்."

ஃபஸ்தான் முடிவானது.

மழை பெய்த ஒரு சனிக்கிழமை சமையலறை மேஜையில் உட்கார்ந்தோம். அயர்ன் என் கையில். ஈயக் கம்பி அவள் கையில். ஜன்னல் மூன்றும் திறந்திருந்தன. ஒவ்வொரு இணைப்புக்கும் முன்னால் நான் படத்தை இரண்டு தடவை பார்ப்பேன். பிறகு சந்தேகம் வந்து மூன்றாவது தடவை. பானு பொறுமை இழந்து, இனிமேல் தானே தலையசைப்பதாகச் சொல்லிவிட்டாள். லேப் மேடம் கிடைத்துவிட்டார்!

பிஸ்கட் டின்னுக்குள் எல்லாவற்றையும் வைத்து மூடினோம். ஜோன் தன் கிடாரையும் ஆம்ப்ளிஃபயரையும் தூக்கிக்கொண்டு வந்தார். சுவிட்சை விரலால் அமுக்கி, ஒரே ஒரு தந்தியைத் தட்டினார். காபிக் கொட்டை அரைக்கிற மெஷின் தோற்றது, போங்கள். என் கணவர் பேப்பரைக் கீழே போட்டுவிட்டு எழுந்து வந்தார்.

அந்தச் சந்தோஷத்தில் நான் ஒரு காரியம் செய்தேன். புது ஃப்ரிட்ஜ் வந்தபோது செய்தேன். கார் வாங்கியபோது செய்தேன். கை தானாகப் போய்விட்டது. பெடலுக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்துவிட்டேன்.

பானு பார்த்துக்கொண்டே இருந்தாள். அப்போதுதான் முதல் வரியில் நீங்கள் படித்த கேள்வியைக் கேட்டாள். கேட்டுவிட்டு, என் பதிலுக்குக் காத்திராமல், "பொட்டு வெச்சாச்சு. நான் மிதிக்க மாட்டேன்" என்றாள்.

பொட்டை அழித்துப் பார்த்தேன். வைத்தது வைத்ததுதானாம். "தையல் மெஷினுக்கும்தான் பொட்டு வெச்சுட்டு மறுநாளே மிதிக்கிற" என்றார் கணவர். அது ரவிக்கை தைக்க, இது சங்கீதமாயிற்றே என்றேன். சொல்லி முடிப்பதற்குள் எனக்கே அது சரியா என்று சந்தேகம். சிவம் அண்ணனுக்கு போன் செய்தேன். "ஓம், கஷ்டமான கேள்விதான்" என்று அவரும் கைவிரித்துவிட்டார். ஷூவைக் கழற்றிவிட்டு மிதித்தால் போதாதா என்றார் ஜோன். பாவம், அவர் அளவில் அது நல்ல யோசனை.

இடி இல்லாவிட்டால் வகுப்பு என்ன சொல்லும்? மிதித்துவிட்டு நடுப்பாட்டில் குனிந்து கண்ணில் ஒற்றிக்கொண்டால் மட்டும் என்ன சொல்லும்? எப்படிப் பார்த்தாலும் குழந்தைக்கு அவமானம். காரணம், என் வளர்ப்பு.

கடைசியில் வழி கண்டுபிடித்தேன். மேடை ஓரத் திரைக்குப் பின்னால் நான் உட்கார்ந்துகொள்வது. திரைக்கு அடியில் கையை மட்டும் நீட்டிப் பெடலைப் பிடித்துக்கொள்வது. இடி வரும்போது பானு தலையாட்டுவாள். நான் கட்டை விரலால் அமுக்குவேன்.

விழா அன்று பட்டுப்புடவையோடு திரைக்குப் பின்னால் தரையில் உட்கார்ந்தேன். இந்த ஊரில் டிசம்பர்தான் கோடை. நல்ல வெயில். மூக்கு நுனியில் வியர்வை. திரை விளிம்பில் ஒரு கண் வைத்து மகளைப் பார்த்தேன். தைரியமாக வாசிக்க ஆரம்பித்தாள்.

தலையும் ஆட ஆரம்பித்தது.

தாளத்துக்கு ஆட்டுகிறாள்! முதல் வரியிலிருந்தே ஆட்டுகிறாள். இத்தனை ஆட்டத்தில் எது இடி? இதுவா? இல்லை, அடுத்ததா? பண்ணைக்காரர் வானத்தைப் பார்த்தாகிவிட்டது. மேகமும் வந்துவிட்டது. என் விரல் சுவிட்ச் மேல் அப்படியே உறைந்துவிட்டது.

பானு திரையைப் பார்த்தாள். நான் பானுவைப் பார்த்தேன். வெள்ளை சாக்ஸ் போட்ட ஒரு கால் ஷூவிலிருந்து வெளியே வந்தது. நேராக வந்து என் கட்டை விரல் மேல் ஓர் அழுத்து.

ஹாலே அதிர்ந்தது. முன் வரிசையில் ஒரு கைக்குழந்தை அழுதது. அவள் வகுப்புப் பிள்ளைகள் பெஞ்சில் தட்டிக் கத்தினார்கள். அதற்குப் பிறகு மழை பெய்ததா என்று எனக்குத் தெரியாது. யாருக்கும் கேட்கவில்லை.

பாட்டு முடிந்ததும் பானு குனிந்தாள். பெடலைத் தொடவில்லை. மிதித்தது என் கையைத்தானே? திரைக்கு அடியிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த என் விரல்களைத் தொட்டு, நிதானமாகக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அம்மா கற்றுக்கொடுத்தபடி.

அவ்வளவு பேருக்கு முன்னால். யாரும் சிரிக்கவில்லை. கைதட்டினார்கள். மேடையில் அதுதான் முறை என்று நினைத்தார்களோ என்னவோ, அடுத்து வந்து ரெக்கார்டர் என்ற குழலை ஊதிய பெண்ணும் முடித்ததும் என் கையைத் தொட்டுக் கும்பிட்டது. அதற்கடுத்த பையனும். கையை இழுத்துக்கொண்டால் மரியாதையாக இருக்காதே என்று, கால் மரத்துப்போக, நிகழ்ச்சி முடியும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.

கதை இதோடு முடிந்திருந்தால் உங்களைத் தொந்தரவு செய்திருக்க மாட்டேன். பானு அடுத்த பெடலையும் தேர்ந்தெடுத்துவிட்டாள். வா-வா. பாட்டு முழுவதும் பாதம் அதன் மேலேயே இருக்க வேண்டுமாம்.

இந்தப் பத்தியைப் படிக்கும் பெரியவர்களே, சங்கீதம் தெரிந்தவர்களே, என்னைப் போன்ற அம்மாக்களே... இந்தத் தடவை பொட்டு வைக்கலாமா, கூடாதா? மிதித்தால் ஒற்றிக்கொள்ளச் சொல்வதா, விட்டுவிடுவதா? தயவுசெய்து சீக்கிரம் எழுதுங்கள். அயர்ன் சூடாகிவிட்டது. மேடம் தலையசைத்துக்கொண்டிருக்கிறார்.