மடைப் பக்கம் நின்று எடுத்த பதினோரு படங்கள்

இந்தக் கோடைக்குள் ஒரு கேமரா வாங்கியாக வேண்டும். டிஎஸ்எல்ஆரா, மிரர்லெஸ்ஸா என்று நான்கு மாதமாக வீடியோ பார்த்துப் பார்த்து வெறுத்துப்போனேன். "டிஎஸ்எல்ஆர் காலம் முடிந்தது" என்று அடித்துச் சொல்கிறவர் கையில் இருப்பது கம்பெனி சும்மா கொடுத்த கேமரா. சோதனை என்று அவர் எடுப்பது ஏசி அறையில் ஒரு காப்பிக் கோப்பையை. சேறும் வெயிலும் கூட்டமும் உள்ள இடத்துக்கு இரண்டையும் தூக்கிக்கொண்டு போய்ப் பார்ப்பது என்று மே மாத ஞாயிறு ஒன்றில் கிளம்பினேன்.

மிரர்லெஸ் திருச்சியில் வாடகைக்கு எடுத்தது. நாளுக்கு 1,800 ரூபாய், ஒரே ஒரு பழைய பேட்டரி. டிஎஸ்எல்ஆர் என் நண்பனுடையது. இரண்டு வருடமாக பீரோவில் தூங்கியது. 70-300 ஜூம் லென்ஸோடு 22,000 கேட்கிறான். சனிக்கிழமை புதுக்கோட்டையில் தங்கிவிட்டு, காலை 4.45க்கு பைக்கில் புறப்பட்டேன். பொன்னமராவதி சுமார் நாற்பது கிலோமீட்டர். அங்கிருந்து கிராமத்துச் சாலையில் இன்னொரு பதினொன்று. ஊர்ப் பெயரை வேண்டுமென்றேதான் எழுதவில்லை.

தண்ணீர் வற்றும் நேரத்தில் இந்தப் பக்கத்துக் கண்மாய்களில் மீன்பிடித் திருவிழா வைப்பார்கள். ஊர்ப் பெரியவர் கரையில் நின்று வெள்ளைத் துண்டை வீசியதும் ஜனம் ஊத்தாவோடு இறங்கும். ஊத்தா என்பது மேலும் கீழும் திறந்த மூங்கில் கூடை. மீன்மேல் கவிழ்த்துவிட்டு மேல்வாய் வழியாகக் கையை விட்டு எடுக்க வேண்டும். சாதி பார்க்காமல் எல்லோரும் ஒன்றாக இறங்கும் விழா என்று பயண வீடியோக்கள் புல்லரிக்கின்றன. நானும் நம்பித்தான் போனேன்.

5.50க்கு சேர்ந்தேன். பெரிய கரையில் ஆயிரம் பேராவது இருப்பார்கள். கூட்டம் குறைவாக இருக்கிறதே என்று எதிர்ப்பக்கம், தண்ணீர் திறந்துவிடும் மடை இருக்கும் கரைக்குப் போனேன். அங்கே எண்பது பேர் ஊத்தாவோடு நின்றார்கள். நாற்பது வயது இருக்கும் ஒரு பெண் என் கழுத்திலும் தோளிலும் தொங்கிய கேமராக்களைப் பார்த்தார்.

"பேப்பர்ல இருந்து வாரீங்களா தம்பி?"

"இல்லக்கா. சும்மா கேமராவ டெஸ்ட் பண்ண வந்தேன்."

"அதுக்கு எதுக்கு ரெண்டு? ஒண்ணு டெஸ்ட்ல பெயிலாப் போகுமோ?"

பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். அவர் பெயர் செல்வி. நூறு நாள் வேலைக்குப் போகிறவர். மடைப் பக்கம் நிற்பது காலனி ஆட்கள் என்றார். துண்டை வீசினாலும் இவர்கள் இறங்கக் கூடாது. ஊர்க்காரர்கள் பிடித்துக் கரையேறிய பிறகு, மிச்சம் கலங்கிக் கிடப்பதில் இறங்கலாம். போன வருடம் கலெக்டர் ஆபீசில் மனு கொடுத்திருக்கிறார்கள். எல்லோரும் ஒன்றாகத்தான் இறங்கினார்கள் என்று பதில் எழுதிவிட்டார்கள்.

"போட்டோ இருக்கான்னு கேட்டாக. எங்க போன்ல எடுத்தா அங்கிட்டு இருக்கவுக எறும்பாட்டம் தெரியுறாக. அவுக எறங்குறதும் நாங்க நிக்கிறதும் ஒரே போட்டோவுல வேணும். எடுத்துத் தருவீங்களா?"

அவர்களுக்குப் பின்னால் மேட்டில் ஏறி மிரர்லெஸ்ஸைக் கண்ணில் வைத்தேன். சும்மா சொல்லக் கூடாது, எடுக்கும் முன்பே படம் எப்படி வரும் என்று காட்டுகிறது. காட்டிக்கொண்டே பேட்டரியைத் தின்கிறது. பெரியவர் வருவார் வருவார் என்று அரை மணி நேரத்துக்கு மேல் பார்த்தேன். 6.40க்கு துண்டு மேலே போனபோது என் கண்ணுக்குள் இருட்டு. பேட்டரி காலி.

கெட்ட வார்த்தை சொல்லிக்கொண்டே டிஎஸ்எல்ஆரை எடுத்தேன். ஆன் செய்ததும் தேதி, நேரம் என்று ஏதோ கேட்டது. பார்க்காமலே ஓகே, ஓகே என்று அழுத்தினேன். கண்ணாடி வழியாக நேராகத் தெரியும் காட்சிக்குப் பேட்டரி வேண்டாம். பதினோரு படம். முன்னால் ஊத்தாவோடு அசையாமல் நிற்கும் முதுகுகள், திரும்பிப் பார்க்கும் செல்வி அக்காவின் முகம், பின்னால் தண்ணீரில் பாயும் கூட்டம். அந்தப் பக்கமிருந்து ஒருவர் கத்தினார்: "அங்கிட்டு என்ன தம்பி இருக்கு? மீனெல்லாம் இங்கிட்டுல்ல இருக்கு."

காலனி ஆட்கள் இறங்கியது 8.25க்கு. அதையும் எடுத்தேன். செல்வி அக்காவுக்கு விரல் நீளத்தில் நாலு கெண்டை கிடைத்தது.

பிரிண்ட் போட அவரும் அவர் தம்பியும் வண்டியில் பொன்னமராவதிக்கு வந்தார்கள். ஸ்டுடியோக்காரர் கார்டைக் கணினியில் போட்டார். முகமெல்லாம் சுத்தமாக இருந்தது. பிரிண்டில் தேதி போடுவதற்காக அவர் படத்தின் விவரப் பக்கத்தைத் திறந்தார்.

"என்ன தம்பி, பல வருஷத்துக்கு முந்துன சனவரி ஒண்ணாந்தேதின்னு காட்டுது. ராத்திரி பன்னெண்டு மணி ஒரு நிமிஷமாம்."

பீரோவில் கிடந்த கேமராவின் கடிகாரம் நின்றுபோயிருக்கிறது. நான் ஓகே கொடுத்திருக்கிறேன். செல்வி அக்கா திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நாங்க எம்பது பேரு நின்னோம்ல. அது பத்தாதா?"

ஒரு பெண் தான் கரையில் நின்றதை நிரூபிக்க ஜப்பான்காரன் கடிகாரம் சாட்சி சொல்ல வேண்டியிருக்கிறது.

ஸ்டுடியோக்காரர்தான் வழி சொன்னார். கல்யாண வீட்டில் இரண்டு கேமராவின் நேரத்தை ஒப்பிட அவர்கள் செய்வது இது. தேதியை மாற்றாமல், செல்போனில் ஓடும் சரியான தேதியையும் நேரத்தையும் அதே கேமராவில் ஒரு படம் எடுக்க வேண்டும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைக் கூட்டினால் உண்மையான நேரம் வந்துவிடும். கூட்டினோம். முதல் படம் 6.41. கணக்கை ஒரு சீட்டில் எழுதி, கடை முத்திரை வைத்துக் கொடுத்தார்.

போக நினைப்பவர்களுக்கு: விழாத் தேதி முதல் நாள்தான் உறுதியாகத் தெரியும், பொன்னமராவதி டீக்கடையில் கேளுங்கள். ஆறு மணிக்குள் கரையில் இருங்கள். மிரர்லெஸ் என்றால் மூன்று பேட்டரி, அதற்குக் குறைந்தால் எடுத்துப் போகாதீர்கள். எந்தக் கேமராவானாலும் முதலில் கடிகாரத்தைச் சரி செய்யுங்கள். பிறகு மடைப் பக்கம் போய் யார் நிற்கிறார்கள் என்று பாருங்கள்.

பத்து நாள் கழித்து செல்வி அக்காவின் குரல் பதிவு வந்தது. "மனுவ வாங்கிட்டாக. தேதி தப்புன்னாக, சீட்டக் காட்டுனேன். எடுத்தவரு நேர்ல வந்து அந்தக் கேமராவக் காட்டிச் சொல்லணுமாம். திங்கக்கெழம வருவீங்களா, இல்ல அன்னிக்கு வந்தது சும்மா டெஸ்ட்டுதானா?"

நண்பனிடம் 22,000 கொடுத்து டிஎஸ்எல்ஆரை வாங்கிவிட்டேன். அவனிடம் திருப்பிக் கொடுத்தால் முதல் வேலையாகத் தேதியைச் சரி செய்துவிடுவான். இப்போதும் அது சனவரி மாதத்தில்தான் ஓடிக்கொண்டிருக்கிறது. திங்கள் காலை 6.10 பேருந்தில் அப்படியே கொண்டுபோகிறேன்.